படிவத்தில் பாதி விலை

என் அக்காவை அவள் வேலை பார்க்கும் இடத்தில் ‘அரிச்சந்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற வேலை. போர்வைச் சுருட்டலுக்குள் மோதிரம் கிடக்கும், சட்டைப்பையில் பணம் கிடக்கும், ஒருமுறை முழுப் பல்செட்டே கிடந்தது. வார்டு வார்டாக ஏறி இறங்கி உரியவரிடம் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். பல்செட்டுக்குமா இந்தப் பாடு என்று கேட்டால், அந்த ஆள் எதை வைத்துச் சாப்பிடுவார் என்று என்மேலேயே பாய்வாள்.

அப்படிப்பட்டவள் கார் வாங்கப் போன கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, ஒரு விபத்தில் இரண்டு காலும் போய்விட்டன. சக்கர நாற்காலியைக் கண்டாலே வாடகைக் காரெல்லாம் நிற்காமல் பறந்துவிடும். அதனால் சொந்தமாக ஒரு பழைய கார். அதில் வெளிப்பக்கம் திரும்புகிற இருக்கை ஒன்றைப் பொருத்திவிட்டால் யார் தயவும் இல்லாமல் அவரே ஏறி உட்காரலாம். குளிப்பாட்டவும் தூக்கவும் ஆள் வேண்டியிருக்கிற மனுஷனுக்கு அந்த ஒன்றாவது மிஞ்சட்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள்.

விற்றவருக்கு மீசை மட்டும்தான் பெரிசு. கார் அவருடையதுகூட இல்லை, செத்துப்போன தம்பியின் மனைவி பெயரில் இருந்தது. பொம்பளைக்கு இந்த அலைச்சலெல்லாம் எதற்கு என்று தானே முன்னால் நின்று பேரம் பேசினார். முழுப் பணத்தையும் அவர் வீட்டிலேயே அக்கா எண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் பெயர் மாற்றம். நானும் கூடப் போயிருந்தேன். அலுவலக வாசலில் படிவம் எழுதித் தருகிறவர், டீக்குச் சர்க்கரை கேட்பதைப் போல, “பாதி விலை போடவா, இன்னும் கீழ போடவா?” என்று கேட்டார். விலையைக் குறைத்து எழுதினால் வரி குறையும். ஊரே அப்படித்தான் எழுதுகிறது. “உங்களுக்குத்தாம்மா லாபம்” என்றார் மீசைக்காரர். அந்த மிச்சத்தில் இருக்கை வந்துவிடும் என்று அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

அப்புறம்தான் மீசைக்காரரின் தம்பி மனைவி கையெழுத்துப் போட வந்தார். கடைச் சீருடையோடு, வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். விலையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இவ்வளவுதான் போயிற்றா என்று கேட்டார். ஓட்டை வண்டிக்கு இதுவே அதிகம், அந்தம்மா கையெழுத்தே போட்டாச்சு என்று எங்கள் முன்னாலேயே, கண் இமைக்காமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் அந்தப் பாவி. இவனுக்கு ‘அர்’ போட்டு மரியாதை கொடுத்தது போதும். மிச்சப் பாதியை அமுக்கத்தான் எங்களுக்கு லாபக் கணக்குச் சொல்லியிருக்கிறான்!

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடக் குனிந்து, திரும்பவும் நிமிர்ந்தார்.

“அக்கா, நெஜமாவே இவ்ளோதான் குடுத்தீங்களா?”

அக்கா படிவத்திலிருந்த விலையின்மேல் விரலை வைத்தாள். “இல்லம்மா. இது மாதிரி ரெண்டு பங்கு.”

மீசைக்காரன் குதித்தான். கையெழுத்து பொய்யா, வாய் பொய்யா என்று கத்தினான். அக்கா படிவத்தை நாலாகக் கிழித்தாள். உண்மையான விலையைப் போட்டுப் புதுசு எழுதச் சொல்லி, முழு வரியையும் கட்டினாள். அதோடு இருக்கைப் பணம் காலி. கூட்டம் கூடிவிட்டதால் மீசைக்காரனும் பையிலிருந்த பணத்தை முழுசாக அந்தப் பெண் கையில் வைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் நன்றி சொல்வார் என்று பார்த்தேன்.

“அவரு பொய் சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க. நான் கேக்கலன்னா சொல்லியிருப்பீங்களா?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவளுக்காக மாமாவின் இருக்கையே போயிற்று, இன்னும் என்னடி வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“சொல்லியிருக்க மாட்டேன்மா” என்றாள்.

அந்தப் பெண் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே வேலைக்குப் போனார்.