நரிக்கு விட்ட வழி

ஆவடிச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அண்ணாத்தேயின் கடப்பாரை என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். திரும்பிப் போக மனமில்லை. ஒரு பஞ்சர் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தேன்.

வெள்ளானூரில் அண்ணாத்தேயோடு முள் வெட்டிச் செடி நட்டு இரண்டு வருடம் இருந்தேன். எங்கேயும் நான் அவ்வளவு காலம் தங்கியதில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டவன். ஹோட்டல், செங்கல் சூளை, லாரி கிளீனர் என்று மாறிக்கொண்டே இருந்தேன். கிளீனராக இருந்தபோது ஓசூர்ப் பக்கம் சாலையில் வண்டி மோதிக் கிடந்த சிறுத்தையை இறங்கிப் பார்த்தேன். சாலைக்கு இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. அதனால்தான் விலங்குக்கு வழி விட வேண்டும் என்று அண்ணாத்தே சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

அவர் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஏரிக்கும் புதர்க்காட்டுக்கும் நடுவே தனியார் நிலம் ஒன்று, முழுக்கச் சீமைக்கருவேலம். முள்ளை வேரோடு எடுத்து நுணா, காரை, ஆவாரை என்று நாட்டுச் செடிகள் வைத்தால் காட்டிலிருந்து ஏரிக்கு நரி போய்வரும் என்றார்.

"இப்டியே ஒண்ணொண்ணா சேத்துகினே போனா ஆந்திரா மலை வரைக்கும் வழி கெடைக்கும் நைனா. இன்னிக்கு நரி, நாளைக்கு சிறுத்தையே நடந்து வரும்."

நம்பினேன். ஒரே தார்ப்பாயின் கீழ் படுத்தோம். பக்கத்தில் ஆடு வளர்த்த அக்காவின் குட்டியை நரி தூக்கியபோது, விஷம் வைக்கப் போனவளைக் கெஞ்சித் தடுத்தேன். அதன்பின் அவள் ஆடுகளை நிலத்துக்குள் விடாமல் சுற்றியே ஓட்டினாள், என் பேச்சுக்காக.

நான் கிளம்பிய அன்று காலை லாரி வந்து மனைக்கல் இறக்கியது. நட்ட செடிகள் டயருக்கடியில் போயின. அண்ணாத்தே ஓரமாக நின்றார்.

"இன்னாண்ணாத்தே இது?"

"எடத்துக்காரன் பிளாட்டு போடறான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"மொதல்லயே. முள்ள எடுத்துக் குடு, ரெண்டு வருஷம் செடி வெச்சுக்கோன்னான். அத நாலு பேருக்குக் காமிச்சா வேற எடம் கெடைக்கும்னு பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா நீ வேரோட புடுங்கியிருப்பியா?"

ஆட்டுக்கார அக்கா வரப்பில் நின்று சிரித்தாள்.

"நரிக்கு வழி வுடுன்னு என்ன சுத்திகினு போவ வெச்சியே, பார்ரா, லாரி வர்து!"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே கிளம்பிவிட்டேன்.

இரவு ஆவடி ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் அம்பத்தூரில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு மேஸ்திரி வந்தார்.

"முள்ளு எடுப்பியா?"

"எடுப்பேன். எதுக்கு எடுக்குறீங்க?"

"அது உனக்கு இன்னாத்துக்கு? கூலி வேணுமா, வாணாமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் இனி முள் எடுப்பதில்லை என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அடுத்து வந்த வண்டி, மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு இறக்க ஆள் கேட்டது. கூலி குறைவு. ஏறிக்கொண்டேன். மதியம்வரை தகடு சுமந்தேன்.