மணிக்கு வாங்கிய பிரஷ்

1991 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு இருபது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் நான் முதலில் பார்த்தது, அட்டையில் வரிசையாகக் குத்தியிருந்த பன்னிரண்டு பல் பிரஷ்கள். அதில் ஒன்றை எங்கள் நாய் மணிக்கு வாங்கப் போவதாக அத்தை சொல்லியிருந்தாள். எனக்கு எட்டு வயது.

எங்கள் வீட்டில் யாருக்கும் பிரஷ் கிடையாது. ஒரே டப்பாவிலிருந்து பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்ப்போம். மணிக்கு மட்டும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மாதம்தான் அத்தைக்கு வேலூரில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. ஹாஸ்டலுக்குக் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலும் கூடவே இருந்தது. அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதன்பிறகு அத்தை ஏதாவது வாங்கிக்கொண்டே இருந்தாள். தட்டு விருந்தாளிகளுக்கு என்றாள். சோப்பு டப்பா அம்மாவுக்கு என்றாள். பட்டியலையும் சாமான்களையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"நாய்க்கா? இன்னாம்மா, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி வெளக்குமா அது?" என்றார் கடைக்காரர். எலும்பு கடிக்கிற பல்லாயிற்றே என்று கெட்டி நார் வைத்த பிரஷை எடுத்து நீட்டினார். அத்தை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்து, இருப்பதிலேயே மெதுவானதை எடுத்தாள். மணி ஆண் நாய், நீலம் வாங்கு என்றேன். ரோஸ் வாங்கினாள்.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் அப்பாவை எங்கள் ஊர் வடக்குப்பட்டில் இறக்கிவிட்டது. ஓடிப்போய் பிரஷ் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நாய்க்கா வாங்கினே?"

"வாய் நாறுதுண்ணா."

"தேய், பாக்கலாம்."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு மணியின் கழுத்தைக் கை இடுக்கில் பிடித்துக்கொண்டு புது பிரஷால் தேய்த்தாள். மணி நாரைக் கடித்து இழுத்தது. நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. "கடவாப்பல்லும் தேய்," என்றார் அப்பா. தேய்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

அத்தை அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு பிரஷை அதில் போட்டாள். எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் போட்டாள். நாயின் பிரஷை எதற்கு வேகவைக்கிறாய் என்று கேட்டேன்.

"ஏன், இதையும் போயி உங்கப்பாகிட்ட சொல்லேன்."

சொல்லச் சொல்கிறாளே என்று போய்ச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். எழுந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தை பையோடு வேலூருக்குக் கிளம்பினாள். அப்பா வாசலில் உட்கார்ந்து தன் கம்பெனி ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தாண்டிப் போகக் காலை மடக்கிக்கொண்டார்.