‘போதும் நெட்டு’ ஜெசிந்தா

அடுத்தவர் வீட்டு பீரோவுக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு திட்டுகிறாள் ஜெசிந்தா. “வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால சொருவி வெச்சிக்கினு நெட்டு வரலன்னா எப்பிடிங்க வரும்? அதுக்கு மூச்சு முட்டாது?” தலை நிறையத் தூசியோடு வெளியே வந்து, பெட்டியை ஜன்னலோரம் வைக்கிறாள். காபி வேண்டாம் என்கிறாள், பிறகு குடிக்கிறாள்.

வளவனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் இவளுக்குக் கடையில் கால் தரிப்பதில்லை. பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் மாதா கோயில் வாசல், மகளிர் குழுக் கூட்டம், திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு என்று நாலு காது கிடைக்கும் இடமெல்லாம் பிரசங்கம்தான். போனில் வீடியோவும் போடுகிறாள். அதற்குப் பெயர் ‘போதும் நெட்டு’. பாதி வீடியோக்களில் அவள் தலை தெரியாது.

“நெட்டு வேகம் வேற, பதில் வர்ற நேரம் வேற. டோல்கேட்டுல லாரியா நின்னுக்கினு இருந்தா பின்னால வர்ற ஆம்புலன்ஸ் என்னா பண்ணும்? உங்க வூட்ல ஓடுற சினிமாதான் லாரி. நீங்க பேசுற பேச்சு ஆம்புலன்ஸ். லாரியைக் கொஞ்சம் தடுத்து வுடுங்க.” அதாவது, பெட்டியின் செட்டிங்கில் வேகத்துக்கு ஒரு வரம்பு வைப்பாள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் குறைப்பதா என்று ஜனம் அலறும். இது முழுத் தீர்வே இல்லை என்றார் இன்ஜினியரிங் படித்த ஒருவர். “முழுசா சரியாவணும்னா ரோட்டைத் தோண்டணும் சார். அது பெரிய பேஜாரு. இப்பத்திக்கு இது போதும்.”

போன மாதம் கிளியனூர் பாண்டுரங்கனின் மகள் கலைப்பிரியாவை, குவைத்திலிருந்து மணிமாறன் என்ற மாப்பிள்ளை வீடியோவில் பெண் பார்த்தார். “அங்க சிக்னல் இருக்குதா தம்பி?” என்றார் பாண்டுரங்கன். பதில் வரவில்லை. அவசரக்காரர், “குடிப்பழக்கம் இருக்குதா?” என்று அடுத்ததையும் கேட்டுவிட்டார். அப்போதுதான் முதல் கேள்விக்கான பதில் வந்து சேர்ந்தது: “நல்லாவே இருக்குதுங்க மாமா.”

பெண்ணின் அம்மா கெங்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

விஷயம் விளங்கியதும் ஜெசிந்தாவை அழைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒயரை இழுத்து நேராக லேப்டாப்பில் செருகினாள். டிவியில் ஓடிய சீரியலை நிறுத்தினாள். மூலையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமன் விருத்தாசலத்தின் போனையும் பிடுங்கினாள்.

இந்த முறை இங்கே ஜோக் சொன்னால் அங்கே உடனே சிரிப்பு. குடிப்பதில்லை என்று மாப்பிள்ளை பட்டென்று சொன்னார். கெங்கம்மாளுக்கு உயிர் வந்தது. கலைப்பிரியா புதுச்சேரியில் நர்ஸ். அவளும் ஒன்று கேட்டாள்: “கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போலாமில்லீங்க?”

மாப்பிள்ளை பேசவில்லை.

“நெட்டு நின்னுபோச்சு” என்றார் பாண்டுரங்கன்.

“நெட்டு நல்லாத்தான்ணா இருக்குது. அவரு தலைக்கு மேல ஃபேன் சுத்துது பாருங்க” என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். அது நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டினார், தொண்டையைச் செருமினார். கடைசியில், “அம்மாவைக் கேட்டுச் சொல்றேனே” என்றார்.

“கேட்டுக்கினே இருங்க” என்று லேப்டாப்பை மூடினாள் கலைப்பிரியா.

பாண்டுரங்கன் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். “ஒன்னை யாரும்மா இவ்ளோ நல்லா ரிப்பேர் பண்ணச் சொன்னது?”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள், பதில் சொல்வதற்கு அல்ல. சம்பிரதாயத்துக்காகச் சுட்டு, தின்ன மாப்பிள்ளை வீட்டார் யாருமில்லாமல் ஆறிக்கொண்டிருந்த வாழைக்காய் பஜ்ஜியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தட்டைக் கலைப்பிரியா பக்கம் தள்ளினாள்.