இரண்டு கையொப்பங்கள்

மென்பொருளில் பிழை பிடிப்பதுதான் ஒக்கலிபுரம் யூனிஸின் உத்தியோகம். வீட்டிலும் அதையே செய்தாள். அவளும் அக்கா கணவர் ஆம்ப்ரோஸும் ஒரு சிறிய பிளாக்செயினில், அதாவது பலருடைய கணினிகள் சேர்ந்து நடத்தும் பொதுக் கணக்கேட்டில், உறுப்பினர்கள். அங்கே ஒவ்வொருவரும் தங்கள் மின்நாணயங்களைப் பணயமாகப் பூட்டி வைக்க வேண்டும்; அவரவர் கணினி கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிடும். கணினி தூங்கிப்போனால் அபராதம் சொற்பம். ஒரே சுற்றில் முரணான இரண்டு பதிவுகளுக்குக் கையொப்பமிட்டால் அது மோசடி. பணயத்தில் பெரும்பங்கு அழிக்கப்படும், ஆளும் வெளியே. அப்படிப்பட்ட இரட்டைக் கையொப்பங்களைத் தேடும் நிரல் ஒன்றை யூனிஸ் ஓட்டிவந்தாள். பிடித்துக் கொடுப்பவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு.

ஆம்ப்ரோஸ் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மின்வெட்டில் அவருடைய கணினி அடிக்கடி நின்றுவிடும். ஈஸ்டர் விருந்தில், பிரியாணிக்கு நடுவே, யூனிஸ் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மாமா மிஷினும் மாமா மாதிரிதான். சாப்ட்டதும் குறட்டை." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தூங்கினால் பெரிய நஷ்டமில்லை என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் கேலி நமுத்துப்போகும்.

அவர் ரோஷக்காரர். தம்பி வீட்டில் இன்னொரு கணினியை வைத்து, தன் கையொப்பத்தின் ரகசியச் சாவியை அதிலும் ஏற்றினார். மழை பெய்த ஒரு பிற்பகல் மின்சாரம் போனதும் அதை ஓடவிட்டார். மின்சாரம் திரும்பியபோது பழையது தானாக விழித்துக்கொண்டது. இரண்டும் ஒரே பெயரில் வெவ்வேறு பதிவுகளுக்குக் கையொப்பமிட்டன.

யூனிஸின் திரையில் அவை அருகருகே வந்து நின்றன. புகாராக அனுப்பலாமா என்று நிரல் கேட்டது. பெயரைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திருடனையும் அவசரக்காரனையும் விதிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர் என்று விட்டால் பணயத்துக்கு என்ன அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்றும் தோன்றியது. இரண்டில் எந்த நினைப்பு விரலை நகர்த்தியது என்று பிறகு அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அமுக்கினாள்.

மறுநாள் மாலை ஆம்ப்ரோஸ் வந்தார். கோபமில்லை. பிடித்தவன் யாரோ, அவன்மேல் தப்பில்லை என்றார். நடந்தது கவனக்குறைவு, தன்னை மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களுக்கு ஒரு முறையீடு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார், இங்கிலீஷில், அவள் பெயரையும் சாட்சியாகப் போட்டு.

"புடிச்சது நான்தான் மாமா."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"என் பேரைப் பாத்தப்புறமா?"

"பாத்தப்புறம்தான்."

காட்டச் சொன்னார். காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை இரண்டு பதிவிலும் படித்தார்.

"கரெக்டாதான் பண்ணியிருக்கே," என்றார். "ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? ரெண்டும் ஓடிக்கினே இருந்துச்சு. மிஷின் இப்போ தூங்கறதே இல்லன்னு உங்க அக்காகிட்ட பெருமை பேசிக்கினு இருந்தேன்."

இரண்டு கையொப்பங்களும் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டன; போன் பண்ணியிருந்தாலும் பணயம் போனது போனதுதான்.

"சரி, எழுதும்மா," என்றார். "புடிச்சது யாருன்னும் எழுது. அப்போதான் நம்புவாங்க."

யூனிஸ் தன் பெயரிலிருந்து தொடங்கினாள்.