லாசரஸ் காதில் ஓடும் கிரைண்டர்

புக்கிட் பாத்தோக் அடுக்குமாடியில் லாசரஸ் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டு டிவி விடிந்ததும் அலற ஆரம்பித்துவிடும். மனிதர் சமையலறையில் இருப்பார். கதவைத் தட்டிப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் லிஃப்டில் உண்மையைச் சொன்னார்.

"காதுக்குள்ள கிரைண்டர் ஓடுது தம்பி. வெளியே சத்தம் இருந்தா தெரியல. வெளிச்சத்தம் நின்னுச்சுன்னா பைத்தியம் பிடிக்குது லா. என் மக கிம்பர்லிகிட்ட சொல்லிடாதீங்க. நான் பட்டறையில கிரைண்டர் பிடிச்ச சம்பளத்துல படிச்ச பிள்ளை, மனசு ஒடிஞ்சிடும்."

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் காலமெல்லாம் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் பிடித்தவர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். கழுத்துக்குக் குறுக்கே உள்ளங்கையை இழுத்தால் 'மெஷினை நிறுத்து'. சாப்பாடு கொண்டுபோகும் சிறுமி கிம்பர்லிக்கு அத்தனை சாடையும் அத்துப்படி.

அந்தப் பட்டறையையே இப்போது தியானம் செய்யும் அமைதிக்கூடமாக மாற்றிவிட்டார்கள். வேலையை முன்னின்று நடத்தியவள் கிம்பர்லி. ஊரில் வேறு கட்டடமா கிடைக்கவில்லை? திறப்பு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார் லாசரஸ்.

"அப்பா, சர்ச் பூசையிலகூட பாதியில எழுந்து போயிடுவீங்க. இன்னைக்கு மட்டும் எனக்காக உட்காருங்கப்பா, ப்ளீஸ்," என்று வாசலிலேயே கெஞ்சினாள்.

கதவைச் சாத்தினார்கள். பழைய செங்கல் சுவர், மங்கிய விளக்கு, பாய்கள். வந்தவர்கள் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. லாசரஸின் கால் ஆடத் தொடங்கியது. முழங்காலை இறுகப் பிடித்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொல்ல மாட்டேன் என்று லிஃப்டில் கொடுத்த வாக்கு தடுத்தது.

எதிரில் இருந்த கிம்பர்லி முறைத்தாள். 'என்ன?' என்று கையால் கேட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. காதைத் தொட்டார். பிறகு கழுத்துக்குக் குறுக்கே உள்ளங்கையை இழுத்தார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே எந்த மெஷினும் இல்லை. மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் மீண்டும் காதைத் தொட்டார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

விருட்டென்று எழுந்துபோய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். பஸ் ஹாரன், காய்கறிக்கடைக் கூச்சல், லாரி உறுமல் எல்லாம் உள்ளே பாய்ந்தன. ஆட்கள் கண் விழித்துத் திரும்பினார்கள். "கதவைச் சாத்துங்க," என்று யாரோ எரிந்து விழுந்தார்.

கதவைப் பிடித்தபடி அழுதுகொண்டே நின்றாளே தவிர, அவள் சாத்தவில்லை. லாசரஸின் கால் ஆட்டம் நின்றது.