இம்மாகுலேற் ஏற்றுக்கொண்ட தலைவர்

பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவில் சேலைச் சட்டை தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கு இம்மாகுலேற்றைத் தெரியாமல் இருக்காது. புடவைக்கடைப் பின்னறையில், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி மெஷினுக்கு முன்னால் இருப்பாள். ஊசியை எடுத்துவிட்டு வாயைத் திறந்தால் அது ஊசியைவிடக் கூர். மறதி என்பது அவளுக்குக் கிடையவே கிடையாது.

அவள் கணவர் ஞானரட்ணம், ஊரிலிருந்து வந்தவர்கள் பாரிஸில் நடத்தும் ஊர்ச்சங்கத்தின் தலைவர். போன வருடம் சார்செல் மண்டபத்தில் கையை உயர்த்தி அவரைத்தான் தெரிவு செய்தார்கள், மூன்று வருடத்துக்கு. தோற்ற சுரேன் சும்மா இருந்தானா? தன் ஆட்களோடு வெளியேறி, அன்று பின்னேரமே ஒரு சாப்பாட்டுக்கடையில் வேறு கூட்டம் வைத்து, தானும் தலைவர் என்று வந்து நின்றான். ஒரு உறையில் இரண்டு வாள்! பிறகென்ன, யார் உண்மையான தலைவர் என்று வெளிநாட்டுக் கிளைகள் சொல்லத் தொடங்கின. சுவிஸ் ஞானரட்ணத்தை ஏற்றது. லண்டன் சுரேனை ஏற்றது. கனடா வாயே திறக்கவில்லை.

இந்த இழுபறிக்குள் ஞானரட்ணம் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் சுரேன் அடித்த அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ‘எமது சங்க உறுப்பினர் ஞானரட்ணம்.’ கீழே, ‘தலைவர், சுரேன்.’

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்ட மனுசன் வெறும் உறுப்பினராம். அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது இம்மாகுலேற் சுரேனை மறித்தாள்.

“தலைவர் எண்டு போட்டால் உன்ரை கை அழுகிப்போகுமோ?”

“செத்தவருக்கு என்னக்கா பதவி?” என்றான் அவன்.

நல்லது, தம்பி. அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சங்கங்களுக்குத் தலைவர்கள் ஆண்கள். அந்தத் தலைவர்களுக்கு மனைவிமார் இருக்கிறார்கள் என்பதைத்தான் சுரேன் மறந்துபோனான். லண்டன் தலைவரின் மனைவி றெஜினா, இம்மாகுலேற்றின் தங்கை. மெஷின் மேல் போனை வைத்து அவளுக்கு அழைப்பு எடுத்தாள்.

“எடி, உன்ரை மனுசன் ஆரைத் தலைவர் எண்டு சொல்லுறார்?”

“சுரேனைத்தான். அத்தான்தான் இல்லையே, அக்கா.”

“அத்தான் மூண்டு வருசத்துக்குத் தெரிவானவர். செத்தால் பதவி போகும் எண்டு சங்கத்தின்ரை யாப்பு விதியளிலை எங்கையும் இருக்கோ? உன்னை அங்கை கட்டிக்கொடுத்தது ஆர்?”

“அத்தான்.”

“அப்ப உன்ரை மனுசனிட்டைச் சொல்லு.”

றெஜினா எப்படிச் சொன்னாளோ, லண்டன் மாறிவிட்டது. கனடாவில் அந்த வேலையும் இல்லை. அங்கே தலைவர் மடுத்தீனின் மனைவி செசில், ஞானரட்ணத்தின் கூடப்பிறந்தவள். ‘உறுப்பினர்’ என்பதைப் படித்த நாளிலிருந்தே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதவிக்காலம் முடியும்வரை ஞானரட்ணமே தலைவர் என்று மூன்று நாடும் சொல்லிவிட்டன. சுரேன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அடக்கம் பண்ணின ஆளை ஆராவது மேடையில் ஏற்றுவார்களா என்றான்.

சங்கத்தின் ஆண்டுவிழா திரான்சி மண்டபத்தில் நடந்தது. மௌன அஞ்சலிக்கென்று இம்மாகுலேற் ஞானரட்ணத்தின் படத்தைத் தானே சுமந்து வந்து, மேடைக் கதிரையில் சாத்தி, மெழுகுதிரி கொளுத்தினாள். அஞ்சலிதானே என்று சுரேன் விட்டுவிட்டான். பக்கத்துக் கதிரையில் புதுக் கோட்டோடு அவன் இருந்தான். சிறப்பு விருந்தினர் மடுத்தீன்; நேரில் வந்தால் உயிரோடு இருக்கும் தலைவருக்குத்தானே மரியாதை செய்வார் என்பது சுரேனின் கணக்கு.

“கனடாக் கிளை இப்போது எமது தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும்” என்று அறிவித்தார்கள்.

சுரேன் எழுந்தான். கோட்டுப் பித்தானைப் பூட்டிக்கொண்டு, கழுத்தை வளைத்துக் கொடுத்தான். மடுத்தீன் அவனைத் தாண்டிப் போய்ப் பொன்னாடையைப் படத்துக்குப் போர்த்தினார்.

பின்வரிசைப் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள், அவ்வளவும் இம்மாகுலேற் சட்டை தைத்துக் கொடுத்த பெண்கள். கைதட்டல் முன்வரிசைவரை வந்தது. சுரேன் வளைத்த கழுத்தை நிமிர்த்தத் தெரியாமல் நின்றான். அதைப் பார்க்கப் பார்க்க இம்மாகுலேற்றுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

விழா முடிந்து அவள் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“இப்பிடி அவமானப்படுத்திப்போட்டியளே, அக்கா. இனிச் சங்கத்தை எப்பிடி நடத்திறது? ஆரிட்டைக் கேக்கிறது?”

இம்மாகுலேற் படத்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“இந்தா தலைவர். கேள்.”