வல்லை வெளியில் மூன்றாவது கியர்

இன்று காலை எங்கள் பழைய டீசல் கார் புகைப் பரிசோதனையில் பெயிலாகிவிட்டது. பாஸ் இல்லையென்றால் அப்பா அதை வாடகைக்கு ஹயர் ஓட்ட முடியாது.

புகைக்குக் காரணம் அப்பாவின் பாசம்தான். இஞ்சினுக்கு நோகக் கூடாதென்று எப்போதும் மெதுவாக உருட்டுவார். உள்ளே கரி படிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்தக் காருக்கு ஒயில் பார்ப்பது நான்தான். வாய் திறந்து ஒன்றைக் கேட்கத்தான் பயம். இன்று கேட்டேன்.

"அப்பா, நான் ஒருக்கா காரை ஓடிப் பாக்கட்டே?"

ஒயில் அளவாக இருந்தது. அப்பா சாவியைத் தந்து பக்கத்தில் ஏறினார். இஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை மெதுவாகப் போனேன். ஆளில்லாத வல்லை வெளி ரோடு வந்ததும் மூன்றாவது கியரிலேயே வைத்து மிதித்தேன். படிந்த கரி எரிந்து, பின்னால் ஒரே கரும்புகை.

"எடி பிள்ளை, இஞ்சின் கத்துது! நாலைப் போடு!"

"கத்தட்டும் அப்பா. சூடேறின இஞ்சின்தானே. மீற்றர் முள்ளு சிவப்புக்குப் போகாட்டி ஒண்டும் ஆகாது."

அப்பா டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். வெளி முடிவதற்குள் கண்ணாடியில் புகையைக் காணவில்லை.

இஞ்சின் சூடு ஆறுமுன் திரும்பவும் பரிசோதனைக்குப் போனோம்.

"பாஸ். என்ன ஐயா செய்தனீங்கள்?" என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"என்ரை மகள் ஓடினவள்!" என்றார் அப்பா, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க. நான் குனிந்துகொண்டு சிரித்தேன்.

திரும்பும்போது அப்பா ஓட்டினார். வீடுவரை மூன்றாவது கியர்தான்.

நாளைக்கு எங்கள் காரில் ஏறுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். திட்டுவதென்றால் கீழே எழுதுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.